ஒற்றைப்படைப் பக்கங்கள்

மீட்டர்காரர் வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த திங்கட்கிழமை, அறைக்குள் கால் வைக்கும்போதே ஒரு தடித்த புத்தகம் பறந்துபோய் எதிர் அலமாரிக் கதவில் மோதி விழுந்தது.

"குதிரையைப் பானையில போட்டு மூடினாளாம்! இத எழுதினவனுக்கு மூளைன்னு ஒண்ணு இருந்துச்சா?"

கட்டிலில் இருந்தவர் இப்படிக் கத்தினார். நான் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். "சன்னல் பக்கமா மட்டும் எறியாதீங்க சார். இது ரெண்டாவது மாடி. கீழ போறவங்க மண்டை உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்" என்றேன்.

அவர் எதிரே பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கத்து வாசலில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு சன்னலோரம் போய் நின்ற பிறகுதான், "நீதானா புது நர்ஸம்மா?" என்று கேட்டார். கோபத்தில் இருக்கிற மனுஷன், கண்டும் காணாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் முதல் தப்பு அது. நாற்காலி சன்னலோரம், அவருடைய வலப்பக்கம் கிடந்ததால் நான்கு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தது இரண்டாவது தப்பு.

அவர் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண் குறித்தவர். வயது அறுபத்தாறு. மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை. அதுதான் குறை என்பதுபோல அவர் மனைவி பேசினாள்.

"வாய் மட்டும் நல்லாத்தான் இருக்கு அக்கா. காலையில ஆரம்பிச்சா கத்தல்தான். நான் கதவைத் திறந்து வந்தா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவ, என்னையே அடையாளம் தெரியல" என்று அடுப்படியில் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவள் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. எடுத்துப் பார்த்தேன். தூங்க வைக்கிற மாத்திரை.

"இது யார் சொல்லிக் கொடுக்கிறீங்க?"

"டாக்டர் போன்லயே சொன்னாரு. மத்தியானம் ரொம்பச் சத்தம் போட்டா பாதி."

வந்து பார்க்காமல், தொட்டுப் பார்க்காமல், போனிலேயே ஒரு மனுஷனை மடக்கிப் போட மாத்திரை. எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, "நான் இருக்கிற நேரத்துல இது வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அட்டையை மேல்தட்டில் வைத்தேன்.

கத்தலுக்கெல்லாம் காரணம் அந்தப் புத்தகம்தான் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அதன் பூர்வகதையை மகள் சொன்னாள். அவளைப் பெரிய படிப்புப் படித்த குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமனார் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் முடிந்து முதல் தடவை சம்பந்தி வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் பத்துப் பழைய பெரிய நாவல்கள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். மீட்டர்காரர் ஒன்றை எடுக்கக் கையை நீட்டினார்.

"அது கொஞ்சம் கனமான சமாச்சாரம் சம்பந்தி. வாரப் பத்திரிகை அந்த மேசை மேல இருக்கு, அதுல படமெல்லாம் நிறைய இருக்கும்" என்றாராம் பேராசிரியர்.

எல்லாரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். மீட்டர்காரர் நீட்டிய கையை மடக்கி, சாப்பிட்டு, வீட்டுக்கு வந்தார். பத்துப் புத்தகங்களின் பெயரையும் அலமாரியில் இருந்த வரிசைப்படியே ஒரு நோட்டில் எழுதினார். ஒரே ஒரு தடவை முதுகுப் பக்கத்தைப் பார்த்ததுதான். நாயைச் சமாளித்துக்கொண்டு, இருட்டு மாடிப்படிக்கு அடியில், ஒரு பார்வையில் எண்ணைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து எழுதிய ஆளுக்குப் பத்துப் பெயர் பெரிய விஷயமில்லை.

"பத்தையும் படிச்சுட்டுத்தான் சாவேன்" என்று மனைவியிடம் சொன்னாராம். "இதுக்கு ஏன் சாவ இழுக்கிறீங்க, படிச்சுட்டுப் போங்களேன்" என்றாளாம் அவள்.

ஓய்வு பெற்றதும் பத்தையும் வாங்கி வைத்தார். முதல் நாவல் முடியப் பதினொரு மாதம். பத்தாவது வரை படித்த ஆள். "முதல் நூறு பக்கத்துலயே எழுபது பேர் வந்துட்டானுங்க நர்ஸம்மா. எவன் எவனுக்கு மச்சான்னே பிடிபடல" என்று என்னிடம் சொன்னார். அவர் கண்டுபிடித்த வழி இது: கதையில் வருகிறவர்களை ஒரு தெருவாக நோட்டில் வரைந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கதவு எண் கொடுத்துவிடுவார். செத்துப்போனவன் கதவில் பெருக்கல் குறி. வீடு மாறிப் போனவளுக்கு அம்புக்குறி. அந்தத் தெருக்களில் அவருக்கு வழி தவறியதே இல்லை.

நோட்டின் பின்பக்கத்தில் தினமும் தேதியும், எந்தப் பக்கம் வரை படித்தார் என்ற எண்ணும் இருக்கும். ஏழு வருஷத்தில் ஆறு நாவல் முடிந்துவிட்டது. ஏழாவது நாவலின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் திறந்தார். அதிலிருந்துதான் இந்தக் கத்தல். ஒரு வாக்கியமும் இன்னொன்றோடு ஒட்டவில்லை. பார்க்க வந்த பேராசிரியரிடம் குதிரை, பானைக் கதையைச் சொல்லி முறையிட்டிருக்கிறார். அவர் பரிதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு, மாடிப்படியில் இறங்கும்போது மருமகளிடம் சொன்னார்: "மூளை கலங்கிடுச்சும்மா. இந்தப் புத்தகங்கதான் தொந்தரவு பண்ணுது. எல்லாத்தையும் கட்டி வை. வர்ற ஞாயித்துக்கிழமை கார் கொண்டு வர்றேன், கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துடலாம்."

ஒன்பது புத்தகங்களை மகள் ஒரு அட்டைப் பெட்டியில் கட்டி வைத்திருந்தாள். ஏழாவது மட்டும் அவர் தலையணைக்கு அடியில்.

"ஞாயித்துக்கிழமை இதையும் பிடுங்கிருவாங்க. அதுக்கப்புறம் கூரையப் பார்த்துக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான். என்னைப் பைத்தியம்னு சொல்லிட்டாங்க தெரியுமா?" என்று புதன்கிழமை அவர் என்னிடம் சொன்னபோது கத்தவில்லை. நான் வேலையில் ஏகப்பட்ட கத்தலைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கத்தாத குரல்தான் என்னை உறுத்தியது.

"பைத்தியக்காரன் பாத்ரூமுக்கு எப்ப போகணும்னு இவ்வளவு கரெக்டா சொல்லமாட்டான். பேசாம காலை நீட்டுங்க" என்று எண்ணெய் தடவ ஆரம்பித்தேன். பேச்சை மாற்ற, பழைய வேலையைப் பற்றிக் கேட்டேன். உற்சாகமாகிவிட்டார். வீட்டுக்கே போகாமல், டீக்கடையில் உட்கார்ந்து மனம் போன எண்ணை எழுதுகிற ஆட்களை மேற்பார்வைக்காரராகி அவர் எப்படிப் பிடித்தார் என்று சொன்னார். "நோட்டைப் பார்த்தாலே தெரியும். பொய் எழுதுறவன் கை ஒரே மாதிரி எண்ணுக்குத்தான் போகும். நிஜமான எண்ணு தாறுமாறா இருக்கும்."

வியாழக்கிழமை மத்தியானம். தட்டில் வலப்பக்கம் சோறு, இடப்பக்கம் பீன்ஸ். சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "காய் எங்க? இந்த வீட்டுல காய் வாங்கறதையே நிறுத்திட்டீங்களா?" என்று குரலை உயர்த்தினார்.

"தட்டுலதான் இருக்கு! பாருங்க அக்கா, கண்ணு முன்னால இருக்கிறதை இல்லேங்கிறார்" என்று மனைவி அழ ஆரம்பித்தாள்.

நான் தண்ணீர்த் தம்ளரை எடுக்கத் தட்டைத் தள்ளினேன். தட்டு பாதி வட்டம் சுற்றியது. "இப்பத்தான் வைக்கிறியா? கேட்டாத்தான் வருமா?" என்று பீன்ஸை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்குக் கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

பயிற்சிக் காலத்தில் ஒரு வகுப்பு முழுக்க இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூளையின் வலப்பக்கம் அடிபட்ட சிலருக்கு இடப்பக்கத்து உலகமே இல்லாமல் போய்விடும். கண்ணில் கோளாறு இருக்காது, கண்ணாடி போட்டுப் பயனில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே மனத்துக்குத் தோன்றாது. தட்டில் பாதி இருக்காது. முகத்தில் பாதிக்குச் சவரம் செய்துகொள்வார்கள். இடப்பக்கத்து வாசலில் வருகிற மனைவி இருக்கமாட்டாள். புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் பாதி இருக்காது. அவர்களிடம் கேட்டால், எல்லாம் முழுசாகத்தான் தெரிகிறது என்பார்கள். பொய் இல்லை, அவர்களுக்கு அப்படித்தான்.

இதைத் தெரிந்த நான் நான்கு நாள் வசதியான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர்கள் எத்தனை பேர்? ஒருவரும் வீட்டாரை உட்கார வைத்து இதைச் சொல்லவில்லை. ஊசி போட்டார்கள், படம் எடுத்தார்கள், சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். அன்று பாத்திரம் கழுவும்போது ஒரு தம்ளரை நசுக்கிவிட்டேன்.

அவர் கண்ணயர்ந்ததும் நோட்டை எடுத்தேன். நோய்க்கு முன்னால் 188, 193, 201, 212. பின்னால் 215, 231, 247, 263, 289 என்று பதினொரு நாள், கடைசியில் 391. இடப்பக்கத்தின் இரட்டைப்படை எண் இடது மூலையில், வலப்பக்கத்தின் ஒற்றைப்படை எண் வலது மூலையில் அச்சாகிற புத்தகம் அது. புத்தகத்தை எடுத்துக் குதிரை இருந்த பக்கத்தைத் தேடினேன். மூன்று வரி இப்படி இருந்தது:

மாமனார் படுக்கையில் விட்டுப்போன கடிதத்தை
எடுத்துப் படித்தான். வெளியே குதிரை கனைத்தது. அவள்
சமையலறையில் அரிசியைப் பானையில் போட்டு மூடினாள்.

உள்ளங்கையால் இடது பாதியை மறைத்தேன். குதிரை பானைக்குள் போய்விட்டது.

அவர் எழுந்ததும் விஷயத்தைச் சொன்னேன். எதிர்பார்த்தபடியே எகிறினார்.

"என் கண்ணைப் பத்தி நீ சொல்றியா? முப்பத்திரண்டு வருஷம் இருட்டுல நம்பர் பார்த்த கண்ணு இது! நீயும் அவங்க கட்சிதானா?"

"நான் எந்தக் கட்சியும் இல்ல. இந்த நோட்டைப் பாருங்க. உங்களுக்குக் கீழ வேலை செய்யற ஆள் எழுதினதுன்னு வெச்சுக்குங்க. சரியா இருக்கான்னு சொல்லுங்க."

நோட்டைப் பிடுங்கினார். எண்கள் இருந்தது வலது ஓரம். விரல் ஒவ்வொன்றாக இறங்கியது. பாதியில் நின்றது. மறுபடி மேலே போய் இறங்கியது.

"இருநூத்திப் பன்னிரண்டுக்கு அப்புறம் எல்லாம் ஒத்தைப்படை" என்றார்.

"ம்."

"தெருவுல ஒத்தைப்படைக் கதவெல்லாம் ஒரு வரிசை. இந்த ஆள் ஒரு வரிசைக்கு மட்டும்தான் போயிருக்கான். எதிர் வரிசைக்குப் போகவே இல்ல." நோட்டை மடியில் இறக்கினார். பிறகு, "எதிர் வரிசை இருக்கா நர்ஸம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு சார். முழுசா இருக்கு."

பென்சிலை வாங்கி, அந்தப் பதினொரு எண்ணையும் ஒவ்வொன்றாக அடித்தார். "திருட்டுக் கணக்கு" என்றார். மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டில் இருந்து ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார்.

அவருடைய பழைய கருவிப் பையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் இருந்தது. மருந்து டப்பா அட்டையை நீளமாக வெட்டி அதில் டேப்பை ஒட்டி, பக்கத்தின் இடது ஓரத்தில் வைத்தேன். விதி ஒன்றே ஒன்று: சிவப்பைக் கண்ணால் தொடாமல் எந்த வரியையும் ஆரம்பிக்கக் கூடாது.

"சிவப்பு எங்க?"

"தேடுங்க."

"இல்ல."

"இருக்கு. இன்னும் இடப்பக்கம்."

"நீ எடுத்துட்ட!"

"என் ரெண்டு கையும் இந்தா இருக்கு. தேடுங்க."

முதல் பக்கத்துக்கு நாற்பது நிமிஷம் ஆனது. மூன்று தடவை அட்டையை வீசினார். என்னை இரண்டு தடவை வேலையை விட்டு நிறுத்தினார். "சரி, இந்தப் பக்கத்தை முடிச்சுட்டுப் போறேன்" என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குதிரையிடம் வந்து சேர்ந்தார். விரல் சிவப்பைத் தொட்டது, மெல்ல நகர்ந்தது.

"சமையலறையில்... அரிசியைப்..." நிறுத்தினார். "அரிசியா!"

சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். சிரிப்பு முடிவதற்குள் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. மனைவியையும் மகளையும் கூப்பிடச் சொன்னார். வந்தார்கள்.

"ரெண்டு வாரமா கத்துறேன், குதிரை பானைக்குள்ள போகுதுன்னு. இத்தனை பேர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், புத்தகத்தை வாங்கி அந்த வரியில என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?"

மகள் தரையைப் பார்த்தாள். மனைவி, "எனக்கு என்னங்க தெரியும்" என்றாள். அவள் இடப்பக்கம் நின்றிருந்தாள். அவர் அவளைத் தேடவே இல்லை. நான் அவள் தோளைப் பிடித்து அங்கேயே நிறுத்தி, "கூப்பிட்டுக்கிட்டே இருங்க, இந்தப் பக்கம் மாறி வராதீங்க" என்றேன். ஆறேழு தடவை கூப்பிட்டாள். கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி அவளிடம் வந்து நின்றது. "நீ இங்கதான் நிக்கிறியா? வாயில்லயா உனக்கு, முன்னாடியே சொல்றதுக்கு?" என்று அதற்கும் ஒரு திட்டு. திட்டு வாங்கியவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் காரோடு வந்தார். மகள் அவரை அறைக்குள் கூட்டிவந்து வலப்பக்கம் உட்கார வைத்து, விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர்தான், குரலில் கனிவு இருந்தது.

"சந்தோஷம்மா. ஆனாலும் எதுக்கு இந்தச் சிரமம்? சம்பந்தி, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம்னா இன்னும் நானூறு பக்கம் எப்ப முடியறது? மிச்சக் கதைய நானே சொல்லிடுறேன். அந்த மூத்தவன் இருக்கான் பாருங்க, அவன் கடைசியில..."

"வாயை மூடுங்க!"

அறை அதிர்ந்தது. மகள், "அப்பா!" என்றாள். அவள் வாழப்போன வீட்டின் பெரியவர் அவர். எனக்கு அவள் நிலைமை புரிந்தது.

மீட்டர்காரர் சிவப்பு அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "சம்பந்தி, ஒண்ணு கேக்குறேன். இந்தக் கதையில எங்கயாவது குதிரையப் பானையில போடுறாங்களா?"

"அது எப்படி..."

"அன்னிக்கு நான் சொன்னப்ப தலைய ஆட்டினீங்களே. அப்படி ஒண்ணு இதுல கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் படிச்சு நாற்பது வருஷம் ஆச்சு சம்பந்தி. எனக்கு நினைவில்ல."

"நினைவில்லன்னா பரவாயில்ல. புத்தகம் உங்க கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. பிரிச்சுப் பார்த்திருக்கலாமே? பைத்தியம்னு சொல்றதுக்கு முன்னால ஒரு பக்கம் பிரிச்சிருக்கலாமே? நான் வீட்டுக்குப் போகாம ஒரு நாளும் எண் எழுதினதில்ல சம்பந்தி!"

பேராசிரியர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். மகள் வெளியே போனாள். அட்டைப் பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. ஒன்பது புத்தகங்களையும் மூன்று மூன்றாகச் சுமந்துவந்து, எதிர் அலமாரித் தட்டில், நோட்டில் இருந்த வரிசைப்படியே அடுக்கினாள். பிறகு, "மாமா, காபி குடிச்சுட்டுப் போங்க. கார்ல ஏத்த ஒண்ணும் இல்ல" என்றாள்.

பேராசிரியர் காபி குடித்தார். அவர் கோபித்துக்கொண்டு போனாரா, வெட்கப்பட்டுப் போனாரா என்று நான் பார்க்கவில்லை. அப்போது மீட்டர்காரரை முதுகு வலிக்காமல் திருப்பிப் படுக்க வைப்பதில் இருந்தேன். மேல்தட்டில் இருந்த மாத்திரையை மனைவியே குப்பையில் போட்டாள். மறுநாள் மகளை அந்த டாக்டரிடம் நேரில் அனுப்பினேன், நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து. அவர் படித்துவிட்டு, "ஓ, அப்படியா" என்றாராம். அந்த "ஓ"வை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எட்டு வாரத்தில் என் வேலை முடிந்தது. நான் கிளம்பும்போது அவர் முன்னூற்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தார். அட்டையைப் பிடிக்க மனைவி பழகிக்கொண்டிருந்தாள். "சிவப்பு எங்க?" "கண்ணைத் திருப்புங்க, அங்கதான் இருக்கு" என்று இருவரும் சண்டை போடுகிற சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் காலை போன் வந்தது. வணக்கம் எல்லாம் கிடையாது.

"நர்ஸம்மா, முடிச்சுட்டேன்!"

"ரொம்பச் சந்தோஷம் சார்."

"என்ன சந்தோஷம்? அந்த மூத்தவன் பண்ணின காரியம் தெரியுமா உனக்கு? அத்தனை பேரையும் நடுத்தெருவுல விட்டுட்டுக் கப்பல் ஏறிட்டான்! அறுநூத்திப் பத்து பக்கம்! இதுக்கா நான் வரி வரியா அலைஞ்சேன்?"

"எட்டாவதுல ஒழுங்கான ஆள் இருப்பான்."

"அதுல நாலு பக்கம் போயிட்டேன். அதுலயும் ஒருத்தன் சரியில்ல. இவனுங்க எல்லாம் ஏன் இப்படி இருக்கானுங்க? நீ அந்த ஏழாவதைப் படிச்சுட்டு யார் மேல தப்புன்னு எனக்குச் சொல்லணும்."

எனக்கு நாவல் படிக்கிற பழக்கம் கிடையாது, அப்போது கையில் வேறொரு நோயாளி இருந்தார், அவரைக் குளிப்பாட்ட வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"ஆறினா சுட வெச்சுக்கோ. முதல்ல அவன் அம்மாகிட்ட என்ன சொன்னான்னு கேளு" என்று ஆரம்பித்துவிட்டார். நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வெந்நீரை மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.